சான்று கேட்காத சோறு

அரசு ஏதேனும் ஒரு நலத்திட்டத்தை அறிவிக்கும்போதெல்லாம் படித்தவர்கள் கூடும் இடங்களில் ஒரே உரையாடல் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. உதவி செய்வதில் தவறில்லை, உண்மையான ஏழைக்கு மட்டும் செய்தால் போதும் என்று ஒருவர் தொடங்குவார். கார் வைத்திருப்பவனும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறானே என்று அடுத்தவர் தொடர்வார். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டேயிருந்தால் கருவூலம் என்னாவது என்ற கவலையோடு தேநீர் முடியும். கல்லூரி ஆசிரியர் அறையிலும், இலக்கியக் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இப்படிப் பேசுகிறவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். யாரோ ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தை வெளியே சொல்லாமல் கட்டுகிறவர்களும் அவர்களுள் உண்டு.

கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கும் இக்கருத்துக்குள் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. உண்மையான ஏழை யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? இன்றைய நடைமுறையில் அந்தப் பொறுப்பு ஏழையின் தலையில்தான் இருக்கிறது. சாதி இன்னது என்று அவர் காட்ட வேண்டும். வருமானம் இவ்வளவுதான் என்று காட்ட வேண்டும். குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு சான்றும் ஒரு சல்லடை. அச்சல்லடை வசதியுள்ளவனை வடிகட்டி நிறுத்தும் என்று நம்பி அதை வைக்கிறோம். நடைமுறையில் முதலில் உதிர்ந்து போகிறவர் சல்லடை யாருக்காக வைக்கப்பட்டதோ அந்த மிக ஏழைதான். குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் செய்யப்படும் உதவிகளுள் சான்று கேட்காதவையே உரிய இடத்தைச் சென்றடைந்திருக்கின்றன என்பது என் கருத்து. தமிழகத்தின் நூறாண்டு அனுபவம் அதற்குத் துணை நிற்கிறது.

*

இலக்கியம் பயின்றவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாரை நினைத்துக்கொள்ளலாம். வறுமையை வீட்டிற்குள் அமர்ந்து பார்த்து எழுதியவர் அவர். குமணனை நோக்கிய 160ஆம் பாடலில், பசித்து அழும் சிறுவனை ஆற்ற வழியறியாத தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்துவதும் நிலவைக் காட்டிப் போக்குக்காட்டுவதும் வருகின்றன. பாடாண் திணை என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த பாட்டுக்கு நகர்ந்துவிடுவது வகுப்பறையில் எளிது. அந்தச் சிறுவனை அங்கேயே விட்டுவிட்டு நகர்கிறோம் என்பது பெரும்பாலும் நமக்கு உறைப்பதில்லை.

அப்புலவரின் வேறு இரு பாடல்கள் இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானவை. 208ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுக்கிறார். வீட்டில் பசி இருக்கிறது. ஆயினும் முகம் பாராமல் வரும் பொருள் தம்மைப் பரிசில் வணிகனாக்கிவிடும் என்பது அவர் வாதம். மதித்துத் தருவது சிறிதாயினும் அதுவே போதும் என்கிறார். 163ஆம் பாடலில் குமணனிடம் பெற்று வந்த பொருளை மனைவியிடம் ஒப்படைக்கிறார். உன்னை விரும்பியவர், நீ விரும்பியவர், சுற்றத்து மூத்த பெண்டிர், பசித்த நாளில் நமக்குக் கைமாற்றாகக் கொடுத்து உதவியவர் என எல்லோர்க்கும் கொடு. இன்னார் என்று பாராதே. என்னையும் கேளாதே என்று சொல்கிறார்.

ஒரே புலவர் இரண்டு செய்திகளை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். கொடுக்கும் முறையிலேயே கொடையின் மதிப்பு இருக்கிறது என்பது ஒன்று. வறிய வீட்டிற்குள் நுழையும் பொருள் ஒருவர் கையில் தங்காது, கடன்பட்ட சுற்றம் முழுவதையும் தேடிச் செல்லும் என்பது மற்றொன்று. நம் காலத்து நலத்திட்டங்களுள் வென்றவை இவ்விரண்டையும் அறிந்தோ அறியாமலோ மதித்தவை. தோற்றவை மதிக்கத் தவறியவை.

*

வென்றவற்றுள் தலையாயது பள்ளிச் சோறு. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட ஆங்கில அரசு இசையாததால் 1925இல் நின்றது. பின்னர் 1956இல் காமராசர் காலத்தில் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அதற்கு உருக்கொடுத்தவர்களுள் ஒருவர். ஊராரின் நன்கொடையும் அரசின் பங்கும் சேர்ந்து நடந்த அத்திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்டது. எட்டயபுரத்தைப் பாரதியின் ஊராக மட்டுமே நினைவில் வைத்திருக்கும் நாம் இச்செய்தியையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

பெரிய திருப்பம் 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் நிகழ்ந்தது. எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், முதலில் ஊர்ப்புறக் குழந்தைகளுக்கும் அதே ஆண்டில் நகரக் குழந்தைகளுக்கும், 1984இல் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் என விரிந்தது. பொருளியல் அறிந்தோர் பலர் அன்று அதனை வாக்குக்கான வீண்செலவு என்றே எழுதினர். திட்டத்தின் வலிமை அதன் எளிமையில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும், தட்டோடு அமரலாம். உன் தந்தைக்கு எவ்வளவு நிலம் என்று எவரும் கேட்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தானே விலகி வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்துகொண்டது. பிரிக்கும் வேலையை அரசு செய்ய வேண்டியிருக்கவில்லை.

அத்திட்டத்தில் மற்றொரு நுட்பமும் இருந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பணிகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. பிள்ளைக்குச் சோறு கிடைத்த அதே கூடத்தில் ஒரு தாய்க்கு மாதச் சம்பளம் கிடைத்தது. ஊதியம் சொற்பமே, ஆனாலும் ஊரில் அவருக்கொரு பணிப்பெயர் வந்தது. அதே அடுப்படியில் சாதியும் புகுந்தது உண்மைதான். 2018இல்கூடத் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அருந்ததியர் பெண் பள்ளியில் சமைக்கக் கூடாதென்று எதிர்ப்பு எழுந்து வழக்கானது. பந்தி பொதுவாக இருந்ததால்தான் அந்நோய் வெளியே தெரிந்து வழக்காயிற்று. தனித்தனியே பொட்டலம் கொடுத்திருந்தால் அது வெளியே தெரியாமலே உள்ளே ஊறிக்கொண்டிருந்திருக்கும்.

தமிழகத்தின் இவ்வழி பின்னர் நாட்டின் வழியாயிற்று. உணவுரிமை தொடர்பான பொதுநல வழக்கில் 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அதே வழக்கில் 2004இல் பிறந்த மற்றோர் ஆணை நம் வாதத்திற்கு இன்னும் முக்கியமானது. அங்கன்வாடியில் குழந்தைக்கு ஊட்டச்சத்து வழங்குவதற்கு வறுமைக் கோட்டைத் தகுதியாக வைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். இரண்டு வயதுக் குழந்தையிடம் வறுமைச் சான்று கேட்பதன் பொருந்தாமை அங்கே சட்டமொழியில் பதிவாயிற்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் அவ்வழியிலேயே வந்தது. பெற்றோர் இருவரும் விடியுமுன்னர் வேலைக்குப் போகும் வீடுகளை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

*

ரேஷன் அரிசிக்கும் இதே வரலாறு உண்டு. 1997இல் நடுவண் அரசு பொது வழங்கலை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தது. இலக்கு நோக்கிய முறை என்பது அதன் பெயர். தமிழகம் எல்லோர்க்கும் பொதுவான முறையிலேயே நின்றது. பிரித்த முறையின் விளைவை 2005இல் திட்டக்குழுவின் மதிப்பீட்டு அறிக்கையே சொன்னது. நடுவண் தொகுப்பிலிருந்து மானிய விலையில் அனுப்பப்பட்ட தானியத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை. ஆட்களைத் தவறாக அடையாளம் கண்டதும் நிருவாக முறைகேடுகளும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஏழைக்கு மட்டும் என்று கட்டப்பட்ட வேலி ஏழையையே வெளியில் நிறுத்தியது.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஏழைக்கு மட்டுமான கடையில் எடை குறைந்தால் கேட்பதற்கு வலுவுள்ள குரல் இருக்காது. ஊரில் உள்ள எல்லோரும் வரும் கடையில் அரிசி நாறினால் ஆசிரியர் வீட்டிலிருந்தும் ஒரு குரல் வரும். வேண்டாதவர் விலகிக்கொள்ளவும் இங்கே வழி இருந்தது. அரிசி வேண்டாம் என்போர் சர்க்கரை அட்டை பெற்றுக்கொண்டனர். ஜான் திரேஸும் அமர்த்தியா சென்னும் 2013இல் வெளியிட்ட நூலில் தமிழகத்தின் இந்தப் பொதுமை நோக்கை நாட்டுக்கு எடுத்துக்காட்டாகப் பேசியிருக்கிறார்கள். காரில் வந்து அரிசி வாங்குகிறவனைக் கண்டு எரிச்சல்படும் நண்பர்கள், அவனைத் தடுக்க முனைந்த மாநிலங்களில் யார் பட்டினி கிடந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன்.

*

நிற்க. இவ்வளவு அறிந்த தமிழகம் பிற இடங்களில் ஏன் சல்லடைகளைக் கைவிடவில்லை என்பதே என் ஆதங்கம்.

கல்லூரிக்குள் முதல் தலைமுறையாக நுழையும் மாணவர் ஒருவரின் ஜூன், ஜூலை மாதங்களைப் பார்த்தால் போதும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், ஆதாரோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு, அக்கணக்கோடு இணைக்கப்பட்ட கைப்பேசி எண் என்று ஒரு நீண்ட கோவை. ஒன்றில் பெயர் ‘மு. முருகன்’ என்றும் மற்றொன்றில் ‘முருகன் மு.’ என்றும் இருந்தால் போதும், அனைத்தும் நின்றுவிடும். ஓ.டி.பி. வரும் எண் எப்போதோ தொலைந்த கைப்பேசியினுடையதாக இருக்கும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞரும் நல்லவரே. திரையில் சிவப்பு எழுத்து வந்துவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய இயலாது. முதல் பட்டதாரிச் சான்று இவற்றுள் விசித்திரமானது. தாத்தா முதல் அண்ணன் வரை வீட்டில் எவரும் பட்டம் பெறவில்லை என்று நிறுவ வேண்டும். இல்லாத ஒன்றுக்கு ஆவணம் காட்டுவது எப்படி?

பழங்குடி மாணவர் நிலை இன்னும் கடினம். தமிழகத்தில் பழங்குடியினர்க்கான இனச்சான்றை வட்டாட்சியர் வழங்க இயலாது. கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்பட வேண்டும். விண்ணப்பித்தவரிடம் தந்தையின் சான்றோ நெருங்கிய உறவினர் சான்றோ உண்டா என்று கேட்பது வழக்கம். பள்ளிப்படியையே மிதிக்காத தந்தைக்குச் சான்று எதற்கு இருந்திருக்கப் போகிறது? செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம், கடலூர் பகுதிகளில் வாழும் இருளர் குடும்பங்களில் இது அன்றாடக் கதை. மிகவும் நலிந்த பழங்குடிகள் என அரசே வகைப்படுத்தியுள்ள தமிழகத்தின் ஆறு சமூகங்களுள் இருளரும் ஒருவர். அரசின் பட்டியலில் அவர் மிக நலிந்தவர். அரசின் மேசைக்கு முன்னால், தாம் அவர்தாம் என்று காட்ட இயலாதவர். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவை நாடாளுமன்றம் ஏற்பதற்கே 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் ஊசியும் பாசியும் விற்றே வளர்ந்து முடித்தார்கள்!

மகனுடைய சான்றுக்காக அலைந்துகொண்டிருந்த ஒரு தாய் துறை வாசலில் நின்று என்னிடம் கேட்டது இது: “எத்தன தடவ சார் வர்றது? ஒரு நாளு வந்தா ஒரு நாளு கூலி போவுது.” செங்கல் சூளையில் கல் அறுக்கும் பெண்மணி. சான்று இலவசம் என்றே நாம் நினைக்கிறோம். அவர் கணக்கில் அதன் விலை நான்கு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், சூளைக்காரரின் வசவு. வசதியுள்ள குடும்பம் அதே சான்றை ஒரு தொலைபேசி அழைப்பில் பெற்றுவிடுகிறது. ஏழைமையைக் காட்டும் தாளைப் பெறுவதற்கு ஏழையல்லாதவனுக்கு இருக்கும் வசதி ஏழைக்கு இல்லை.

மகப்பேற்றிலும் இதே சல்லடைதான். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம் உண்மையிலேயே பெருமைக்குரியது. உதவித்தொகை 2011இல் 12,000 ரூபாயாகவும் 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆயினும் முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டும், தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருந்தால் மட்டும் என்பது அதன் விதியாக இருந்துவந்தது. இளவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்ணும் மூன்றாம் முறை சூலுற்ற பெண்ணுமே ஊட்டக்குறைவால் மிகுதியும் தாக்கப்படுகிறவர்கள். சிறுகுடும்ப நெறியைக் கற்பிக்க வேறு இடங்கள் உண்டு. பிறக்கப் போகும் குழந்தையின் கஞ்சியில் அதைக் கற்பிப்பது அறமாகாது.

*

சான்றுச் சல்லடையைப் போலவே கேடு செய்யும் மற்றொரு பழக்கம், குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்துப் பார்ப்பது. கல்வி உதவித்தொகை வந்ததும் அதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டான், படிப்புக்குச் செலவிடவில்லை என்று குறைகூறும் ஆசிரியர்களை அறிவேன். தாயின் மருந்துக்கும் தங்கையின் பள்ளிச் சீருடைக்கும் அண்டை வீட்டுக் கடனுக்கும் அது போயிருக்கும். பெருஞ்சித்திரனாரின் மனைவியிடம் போன பொருளும் அப்படித்தான் போயிற்று. பசித்த காலத்தில் அளந்து கொடுத்தவர்க்குத் திருப்பி அளப்பதைக் குறியெதிர்ப்பை என்றனர் முன்னோர். இக்கொடுக்கல் வாங்கலே ஏழைக் குடியிருப்பின் காப்பீடு. அதை முறையாகச் செய்யாத வீட்டுக்கு அடுத்த பஞ்சத்தில் அரிசி கிடைக்காது. உதவித்தொகையை வீட்டில் கொடுத்த மாணவன் ஊதாரியல்லன். தன் படிப்பு எந்தத் தூணில் நிற்கிறது என்று அறிந்தவன்.

இதை நீதிமன்றம் ஒருமுறை தெளிவாகக் கண்டது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் உழைப்பது குறித்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றதோடு அது நிற்கவில்லை. குழந்தைக்கு மாற்றாக அக்குடும்பத்தின் வளர்ந்த ஒருவர்க்கு வேலை தர அரசு முயல வேண்டும். இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்நிதியின் வருவாய், பிள்ளை பள்ளியில் இருக்கும் வரை குடும்பத்துக்குச் செல்ல வேண்டும் என்றது. பிள்ளையின் கூலி நின்றால் வீட்டின் உலை நிற்கும் என்ற உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அரிய தருணம் அது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை வாசித்தவர்களுக்கு, பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனின் உழைப்பு வீட்டுக்கணக்கோடு எப்படிப் பிணைந்து கிடக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சூளைகளில் இப்பிணைப்பு இன்றும் நேரடியாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் வேலையில்லாத குடும்பம் முன்பணம் வாங்குகிறது. தை பிறந்தபின் குடும்பமே சூளைக்குப் பெயர்கிறது. அடுத்த மழை வரும் வரை அங்கேதான். பள்ளியின் ஆண்டுத் தேர்வு பங்குனி, சித்திரையில். பதிவேட்டில் பிள்ளை ‘இடைநின்றவன்’ ஆகிறான். பிள்ளையை விடுதியில் நிறுத்திவிடலாம் என்பது ஒரு தீர்வு. சில இடங்களில் அது பயன்தருகிறது. ஆயினும் முன்பணம் இருக்கும் வரை மூத்த பிள்ளை தாய்க்கு உதவியாக மண் குழைக்கப் போயே தீருவான். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. விடுவிக்கப்பட்டவர்க்கு மறுவாழ்வு நிதி உண்டு; ஆனால் அதற்கும் விடுதலைச் சான்றிதழ் வேண்டும். 2016இல் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு இலட்சம் ரூபாய் என உயர்த்தியது; உடனடித் தொகை போக மீதியைக் குற்றம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படுவதோடு பிணைத்தது. அடிமையாக இருந்ததற்கும் ஏழையே சான்று தேட வேண்டியிருக்கிறது. வழக்கு முடியும் வரை அக்குடும்பம் எதை உண்ணும்? வேறொரு முன்பணத்தைத்தான்.

*

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லன். போலிச் சான்றுகள் இருக்கின்றன. பழங்குடியல்லாதவர் பழங்குடிச் சான்றோடு பணியில் அமர்ந்த வழக்குகள் நீதிமன்றங்கள் வரை சென்றிருக்கின்றன. ஆகவே இடஒதுக்கீட்டிற்குச் சான்று வேண்டும். நானும் அதை மறுக்கவில்லை. அங்கே இடங்கள் எண்ணத்தக்கவை. ஒருவர் பொய்யாக அமர்ந்தால் உரியவர் ஒருவர் எழ நேர்கிறது. உணவும் பேருந்துப் பயணமும் பாடநூலும் விடுதிக் கட்டிலும் அப்படிப்பட்டவை அல்ல. வேண்டுவோர்க்கெல்லாம் பெருக்கித் தரத்தக்கவை. போட்டிக்குரிய இடத்துக்கு வைக்க வேண்டிய காவலை உணவுக் கூடத்தின் வாசலிலும் வைப்பதே பிழை.

செலவு மிகும் என்பது அடுத்த வாதம். சல்லடைக்கும் செலவுண்டு. சான்று சரிபார்க்கும் அலுவலர், மென்பொருள், மேல்முறையீடு, இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஏழையின் கூலி நாட்கள். கடைசியாகச் சொன்னது எந்த வரவுசெலவு அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை; ஆகையால் அது செலவாகவே நமக்குத் தோன்றுவதில்லை. வசதியுள்ளவரிடமிருந்து திரும்பப் பெற வேண்டுமெனில் அதற்கு வரி இருக்கிறது. வரிசையில் நிற்கும் பிள்ளையின் தட்டைச் சோதிப்பதைவிட வரிக்கணக்கைச் சோதிப்பது நாகரிகமானது.

சல்லடை இல்லாமலும் உரியவரை எட்ட முடியும் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் என்று அது தொடங்கப்பட்டது. 2024இல் மாணவர்க்கும் தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் வந்தது. வருமான வரம்பு கேட்காமல், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதையே அளவாகக் கொண்டனர். அத்தகவல் அரசின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அளவுகோல் மாறியவுடன் மாணவியின் முகமும் மாறியதை வகுப்பறையில் பார்க்க முடிந்தது. ஏழையாக இருப்பதால் கிடைக்கிறது என்பதற்கும் அரசுப் பள்ளியில் படித்ததால் கிடைக்கிறது என்பதற்கும் இடையே பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பெரிய தொலைவு உண்டு. முதலாவதை அவள் தோழியிடம் மறைப்பாள், இரண்டாவதைச் சொல்லிக்கொள்வாள்.

*

ஆதலின் என் பரிந்துரைகள் எளியவை.

முதலாவது, சான்றைத் தேடிக் குடும்பம் அலையும் நிலை மாறிக் குடும்பத்தைத் தேடிச் சான்று வர வேண்டும். பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் ஆண்டிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் பள்ளிக்கும் குடியிருப்புக்கும் வந்து விசாரித்து இனச்சான்றை வழங்கிவிடலாம். அங்கே ஊர் சாட்சியிருக்கிறது, ஆசிரியர் சாட்சியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்லூரி வாசலில் அதைக் கேட்பது, தொலைத்த இடத்தை விட்டு வேறிடத்தில் தேடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பசி பத்தாம் வகுப்போடு முடிவதில்லை. சத்துணவுத் திட்டம் அதுவரைக்குமாகவே வடிவமைக்கப்பட்டது. முதல் பாடவேளையில் மேசைமேல் தலைசாய்க்கும் இளங்கலை மாணவருள் பலர் சோம்பேறிகள் அல்லர். வெறும் வயிற்றோடு இரண்டு பேருந்து மாறி வந்தவர்கள். 2022இல் பழநிக் கோயில் நிருவாகத்தின் கல்வி நிறுவனங்களில் காலையுணவு தொடங்கியபோது கல்லூரி மாணவரும் அதில் சேர்க்கப்பட்டனர். அரசுக் கல்லூரிகள் அனைத்திலும் அவ்வாறு செய்ய முடியும். யாருக்கு என்ற கேள்வி வேண்டாம். பந்தியில் அமர்கிறவர் எவரோ அவருக்கு.

மூன்றாவது, காலம். ஜூனில் வேண்டிய தொகை ஆண்டு முடியும் தறுவாயில் வந்தால் அது உதவியாகாது. நின்றுபோனவனுடைய கணக்கில் வரவாகும். கட்டணமும் விடுதிச் செலவும் சேர்க்கையன்றே அரசின் பொறுப்பாகிவிட வேண்டும். சரிபார்ப்பு பின்னர் நடக்கட்டும். ஐயத்தின் பயன் பிள்ளைக்குச் சேர வேண்டும்.

நான்காவது, குழந்தைக்கான ஒவ்வொரு திட்டத்திலும் குடும்பத்தின் உலைக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். 1982இல் சமையற்கூடத்தில் தாய்க்கு வேலை கொடுத்த அறிவு நமக்கு இருந்தது. சூளைப் பகுதிகளில் மழைமாதங்களுக்கென ஊரகவேலையைக் கூடுதலாக ஒதுக்கி, கூலியைத் தாமதமின்றிக் கொடுத்தால் முன்பணத்துக்குக் கை நீட்டும் தேவை குறையும். முன்பணம் வாங்காத வீட்டுப் பிள்ளை பங்குனியில் பள்ளியில் இருக்கும்.

இவற்றுள் எதுவும் புதுமையன்று. நாமே செய்து பார்த்து வென்றவற்றின் நீட்சி மட்டுமே. இக்கல்வியாண்டின் சேர்க்கை முடிந்து உதவித்தொகை விண்ணப்பங்கள் தொடங்கும்போது, வாசகர்களுள் ஆசிரியராக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கடைசி நாள்வரை விண்ணப்பிக்காத மாணவர் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். தேவையில்லாததால் விண்ணப்பிக்காதவர் சிலர் இருப்பர். மீதிப் பேரை அழைத்துக் கேளுங்கள். நம் சல்லடையில் யார் உதிர்ந்தார்கள் என்பது அன்று தெரியும்.